ஜர்னல் வவுச்சர் தவறும்போது: டாலி பிரைமில் அறிகுறியிலிருந்து காரணத்தைக் கண்டறியும் முறை

கணக்கு மென்பொருளான டாலி பிரைமில் எஃப்7 விசையை அழுத்தித் திறக்கும் ஜர்னல் படிவம் எல்லா அலுவலகங்களிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஓரிடத்தில் தேய்மானத்துக்கென்று ஒரு வவுச்சர் (பதிவுச் சீட்டு) வகை, மாத இறுதியில் கொடுபட வேண்டிய செலவுகளுக்கு இன்னொன்று, ஜிஎஸ்டி சரிக்கட்டலுக்கு மற்றொன்று என்று பிரித்து வைத்திருப்பார்கள். இன்னோர் இடத்தில் மென்பொருளோடு வந்த ஒரே ஜர்னலில் எல்லாவற்றையும் போட்டு வைத்திருப்பார்கள். தேவைக்கேற்பப் படிவத்தை வடிவமைத்துக்கொள்ளும் இந்த வசதி மிகப் பயனுள்ளது. ஆனால் படிவத்தை அமைத்தவர் ஒருவராகவும் அதில் பதிவு செய்பவர் வேறொருவராகவும் இருக்கும்போது, பதிவு செய்பவருக்குக் காரணம் விளங்காத கோளாறுகள் அதிலிருந்தே தோன்றுகின்றன.

பல ஆண்டுகள் கணக்குகளைச் சரிபார்த்ததில் நான் உறுதியாகக் கண்டது ஒன்று உண்டு. ஜர்னலில் தவறு தெரிந்ததும் பெரும்பாலோர் அந்த வவுச்சரைத் திறந்து தொகையையோ லெட்ஜரையோ (கணக்குத் தலைப்பையோ) மாற்றுகிறார்கள், ஆனால் காரணம் பெரும்பாலும் வவுச்சருக்குள் இருப்பதில்லை. படிவம் எதைக் கேட்க வேண்டும், எதைக் காட்ட வேண்டும் என்பதை மூன்று இடங்கள் முடிவு செய்கின்றன. எஃப்11-இல் உள்ள நிறுவன அளவிலான வசதிகள் முதலாவது. லெட்ஜர், வவுச்சர் வகை, அந்த வகைக்குள் அமைக்கும் வகுப்பு ஆகிய மாஸ்டர்கள் (முன்கூட்டியே அமைத்து வைக்கும் அடிப்படை விவரங்கள்) இரண்டாவது. திறந்திருக்கும் திரையில் எஃப்12 அழுத்தினால் வரும் அமைப்புகள் மூன்றாவது. எந்த இடத்தில் பிழை பிறந்ததோ அங்கே திருத்தாமல் வவுச்சரை மட்டும் திருத்தினால், அடுத்த மாதமும் அதே தவறு வரும்.

கீழே உள்ளவை அறிகுறி வாரியாக எழுதப்பட்டுள்ளன. உங்கள் திரையில் தெரிவது எதுவோ, அந்தத் தலைப்புக்கு நேராகச் சென்று படிக்கலாம்.

தொடங்கும் முன்

தரவைக் காப்பு நகல் எடுங்கள். அந்த நகலை வேறொரு கோப்புறையில் மீட்டெடுத்து, சோதனைகளை எல்லாம் அங்கேயே செய்யுங்கள். அன்றாடம் பயன்படுத்தும் கணக்கில் ஒரு ரூபாய்க்கு ஜர்னல் போட்டுப் பார்த்துவிட்டுப் பின்னர் நீக்கிவிடலாம் என்று எண்ண வேண்டாம். வவுச்சர் எண் வரிசையில் அதன் தடம் இருக்கும், திருத்தப் பதிவு உள்ள பதிப்பில் நீக்கியதற்கும் பதிவு இருக்கும். அடுத்ததாக, கோளாறு தெரியும் திரையில் எந்த வவுச்சர் வகை திறந்திருக்கிறது என்று மேற்பகுதியில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஜர்னலை அடிப்படையாகக் கொண்டு ஒன்றுக்கு மேற்பட்ட வகைகளை உருவாக்கியிருந்தால், எஃப்7 அழுத்தியதும் வகைகளின் பட்டியல் வரும். அதில் முதலில் இருப்பதை என்டர் அழுத்தி எடுத்துக்கொண்டு போகும் பழக்கத்தால் தேய்மானப் பதிவு ஜிஎஸ்டி ஜர்னலில் போய் உட்கார்ந்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: தேவையான லெட்ஜர் பட்டியலில் வரவில்லை

காணாமல் போனது ரொக்கம் அல்லது வங்கி லெட்ஜர் என்றால், அது கோளாறு அன்று. ஜர்னல் என்பது பணம் கை மாறாத பதிவுகளுக்கானது என்பதால், ரொக்க, வங்கி லெட்ஜர்களை ஜர்னல் படிவம் இயல்பாகக் காட்டாது. எஃப்12 அமைப்பில் அவற்றை அனுமதிக்கும் வழி இருக்கிறது; ஆனாலும் அதைத் திறந்து வைக்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. வங்கிக் கட்டணத்தைப் பேமென்ட் வவுச்சரிலும், வங்கியில் ரொக்கம் செலுத்தியதைக் கான்ட்ரா வவுச்சரிலும் போட்டால்தான், பேமென்ட் பதிவேட்டை மட்டும் எடுத்துப் பார்க்கும் ஒருவருக்கு வெளியே போன பணம் முழுவதும் அங்கே தெரியும். ஜர்னல் வழியாகவும் பணம் போகலாம் என்றாகிவிட்டால், இரண்டு பதிவேடுகளையும் சேர்த்துப் பார்த்தால் மட்டுமே உண்மை விளங்கும். தணிக்கையின்போது அவ்வாறு சேர்த்துப் பார்க்க யாருக்கும் நினைவு வராது.

காணாமல் போனது சாதாரண லெட்ஜர் என்றால், வவுச்சர் வகைக்குள் அமைக்கப்பட்ட வகுப்பைச் சந்தேகியுங்கள். ஒரு வகுப்பில் குறிப்பிட்ட குழுக்களின் லெட்ஜர்களை மட்டும் சேர்க்கவும், வேறு சிலவற்றை விலக்கவும் முடியும். தேய்மானத்துக்காக வகுப்பு அமைத்தவர் நிலையான சொத்துகளையும் மறைமுகச் செலவுகளையும் மட்டும் சேர்த்திருந்தால், தணிக்கையாளரின் லெட்ஜர் அங்கே வராது. இதைச் சோதிப்பது எளிது. அதே வவுச்சர் வகையைத் திறக்கும்போது வரும் வகுப்புப் பட்டியலில், வகுப்பு பொருந்தாது என்ற பொருள்தரும் 'நாட் அப்ளிகபிள்' என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். லெட்ஜர் இப்போது தெரிந்தால், காரணம் வகுப்புதான். அப்போதும் தெரியாவிட்டால் லெட்ஜரைத் திறந்து அது எந்தக் குழுவின் கீழ் இருக்கிறது என்று பாருங்கள். அவசரத்தில் உருவாக்கிய செலவு லெட்ஜர் ரொக்கக் குழுவுக்குள் போய்ச் சேர்ந்திருக்கக்கூடும்.

சரக்குப் பொருளையோ அளவையோ படிவம் கேட்கவில்லை என்றால், நீங்கள் திறக்க வேண்டியது ஸ்டாக் ஜர்னல். அதற்கு ஆல்ட்டும் எஃப்7-உம் சேர்த்து அழுத்த வேண்டும்.

நீங்களே உருவாக்கிய வவுச்சர் வகை பட்டியலிலேயே இல்லை என்றால், அந்த வகையைத் திருத்தும் திரையில் அதைச் செயல்படுத்தும் கேள்விக்கு 'இல்லை' என்று பதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: படிவம் முடியாமல் அடுத்த வரியையே கேட்டுக்கொண்டிருக்கிறது

பற்றும் வரவும் சமமாகும் வரை படிவம் முடியாது, விளக்கக் குறிப்புக்கு நகராது. வேறுபாடு எவ்வளவு என்று பாருங்கள். தவறு எங்கே என்பதை அந்த எண்ணே பெரும்பாலும் காட்டிவிடும். வேறுபாடு ஒன்பதால் மீதமின்றி வகுபட்டால், இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். 54,000 என்பதற்குப் பதில் 45,000 அடித்தால் வேறுபாடு 9,000. வேறுபாட்டின் சரிபாதி உங்கள் சீட்டில் ஒரு தொகையாக இருந்தால், அந்தத் தொகை பற்றுக்குப் பதில் வரவிலோ வரவுக்குப் பதில் பற்றிலோ விழுந்திருக்கிறது. காகிதப் பேரேட்டுக் காலத்திலிருந்து வரும் இந்த இரு சோதனைகளும் இன்றும் அப்படியே பயன்படுகின்றன.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. மூன்று நான்கு வரிகள் போட வேண்டிய பதிவில், இரண்டாம் வரியிலேயே படிவம் விளக்கக் குறிப்புக்குத் தாவிவிடும். முதல் பற்றுத் தொகையை அப்படியே வரவிலும் மென்பொருள் தானாக நிரப்பியதையும், நீங்கள் என்டர் அழுத்தியதால் இரு பக்கமும் சமமாகிவிட்டதையும் இது காட்டுகிறது. பற்று வரிகள் எல்லாவற்றையும் முதலில் முடித்துவிட்டு வரவு வரிகளுக்குச் செல்லும் ஒழுங்கைக் கடைப்பிடித்தால் இது நேராது. அடுத்த வரி வரவாகத் தோன்றினாலும் அதைப் பற்றாக மாற்றிக்கொள்ள முடியும். 'பை', 'டு' என்ற முன்னொட்டுகள் பழகாதவர்கள், எஃப்12-இல் அவற்றை டிஆர், சிஆர் என்று மாற்றி வைத்துக்கொண்டால் பக்கம் மாறும் தவறு வெகுவாகக் குறையும்.

கட்டுரை முழுவதும் பயன்படும்படி ஓர் எடுத்துக்காட்டை இங்கே வைக்கிறேன். தணிக்கைக் கட்டணம் ரூ. 60,000, அதன் மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டி ரூ. 10,800, கட்டணத்தின் மீது 10 விழுக்காடு டிடிஎஸ் (கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி) ரூ. 6,000. பற்றுப் பக்கத்தில் தணிக்கைக் கட்டணம் 60,000, உள்ளீட்டு சிஜிஎஸ்டி 5,400, உள்ளீட்டு எஸ்ஜிஎஸ்டி 5,400. வரவுப் பக்கத்தில் தணிக்கையாளர் 64,800, செலுத்த வேண்டிய டிடிஎஸ் 6,000. இரு பக்கமும் 70,800.

அறிகுறி: சேமித்த ஜர்னல் லாப நட்டக் கணக்கில் தெரியவில்லை

இந்த அறிகுறியை நான் மிகவும் கவனமாகப் பார்ப்பேன். மற்ற தவறுகள் எங்காவது ஓரிடத்தில் கண்ணில் படும். இது படாது. பதிவு செய்தவர் தம் வேலை முடிந்தது என்று நம்பிக்கொண்டிருப்பார், இருப்பாய்வும் சமமாகவே இருக்கும்.

பின்னலாடை செய்யும் ஒரு நிறுவனத்தில், ஆண்டு முழுவதும் மாதந்தோறும் தேய்மானப் பதிவு போடப்பட்டிருந்தது. சீட்டுகளும் அச்சிட்டுக் கோப்பில் இருந்தன. ஆனால் ஆண்டிறுதி லாபம், எதிர்பார்த்ததைவிடத் தேய்மானத் தொகை அளவுக்குச் சரியாக அதிகமாக இருந்தது. தேய்மானத்துக்கென உருவாக்கிய வவுச்சர் வகையில், இந்த வகை இயல்பாகவே 'ஆப்ஷனல்' ஆக இருக்கட்டுமா என்ற கேள்விக்கு 'ஆம்' என்று பதில் இருந்தது. மேலாளர் சரிபார்த்த பிறகுதான் கணக்கில் ஏற வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் முன்பு இருந்த கணக்காளர் அவ்வாறு அமைத்திருந்தார். அவர் போனபின் சரிபார்க்கும் அந்த வழக்கமும் போய்விட்டது; அமைப்பு மட்டும் நின்றது. பன்னிரண்டு வவுச்சர்களில் ஒன்றுகூடக் கணக்கில் ஏறவில்லை.

ஆகவே, சேமித்த பதிவு அறிக்கையில் இல்லாதபோது முதலில் அந்த வவுச்சரின் நிலையைப் பாருங்கள். அது ஆப்ஷனல் என்று இருந்தால், திருத்தும் திரையில் கன்ட்ரோலுடன் எல் அழுத்தி அதை வழக்கமான வவுச்சராக மாற்றிச் சேமிக்க வேண்டும். எத்தனை வவுச்சர்கள் இப்படிக் கிடக்கின்றன என்பதை விதிவிலக்கு அறிக்கைகளில் உள்ள ஆப்ஷனல் வவுச்சர் பட்டியல் காட்டும். வவுச்சர் வகையில் 'ஆம்' என்பதை 'இல்லை' என்று மாற்றுவது இனி போடும் வவுச்சர்களுக்கு மட்டுமே உதவும் என்பதை மறக்க வேண்டாம். ஏற்கெனவே சேமித்தவற்றை ஒவ்வொன்றாகத் திறந்துதான் மாற்ற வேண்டும்.

ஆப்ஷனல் இல்லையென்றால் இன்னும் மூன்று வாய்ப்புகள் இருக்கின்றன. கன்ட்ரோலுடன் டி (T) அழுத்திப் பின்தேதியிட்ட வவுச்சராகச் சேமித்திருந்தால், அந்தத் தேதி வரும் வரை அது கணக்கைத் தொடாது. எஃப்10 பட்டியலிலிருந்து மெமோராண்டம் வகையைத் தேர்ந்திருந்தால், அது வெறும் நினைவுக் குறிப்பு. கணக்கில் ஏறவே ஏறாது. அதே பட்டியலில் உள்ள ரிவர்சிங் ஜர்னல்தான் அதிகம் ஏமாற்றுவது. மாத இறுதியில் போட்ட ஒதுக்கீட்டை அடுத்த மாதம் தானாகத் திருப்பிவிடும் என்று பெயரைப் பார்த்து நம்பி அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உண்மையில் அது குறிப்பிட்ட தேதி வரை மட்டும் செல்லுபடியாகும் ஒரு தற்காலிகப் பதிவு. சினாரியோ என்னும் மாதிரிக் கணிப்பை உருவாக்கி, அதில் இந்த வகையைச் சேர்த்து அறிக்கையைப் பார்த்தால்தான் தெரியும். கொடுபட வேண்டிய வாடகையை மார்ச் 31 அன்று இதில் போட்டால், இருப்பு நிலைக் குறிப்பில் அந்த வாடகை இராது. வழக்கமான ஜர்னலில் ஒதுக்கீட்டைப் போட்டு, ஏப்ரல் 1 அன்று எதிர்ப்பதிவை நாமே போடுவதே சரி.

அறிகுறி: பார்ட்டியின் இருப்பு சரியாக இருக்கிறது, நிலுவைப் பட்டியல் தவறாக இருக்கிறது

ஒரு வாடிக்கையாளர் ரூ. 1,18,000-க்கான பில்லில், தரக்குறைவுக்காக ரூ. 8,000 தள்ளுபடி கேட்டு நீங்களும் ஒப்புக்கொண்டு, வரி சம்பந்தமில்லாத வணிகத் தள்ளுபடியாக ஜர்னல் போட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். லெட்ஜரில் இருப்பு 1,10,000 என்று சரியாகவே வருகிறது. ஆனால் பில் வாரியான நிலுவையில் அதே பில் இன்னும் 1,18,000 என்றே நிற்கிறது. கீழே 8,000 எந்தப் பில்லுடனும் சேராமல் தனியே இருக்கிறது. வாடிக்கையாளர் 1,10,000 செலுத்திய பிறகும் 8,000-க்கு நினைவூட்டல் கடிதம் போகிறது. கடிதத்தைப் பெற்றவருக்கு வரும் மனத்தாங்கலை எந்த விளக்கமும் முழுமையாக ஆற்றுவதில்லை.

பார்ட்டி லெட்ஜரில் பில் வாரியாகக் கணக்கு வைக்கும் அமைப்பு இருந்தால், தொகையை இட்டதும் ஒரு துணைத்திரை வரும். அதில் நான்கு தேர்வுகள் உண்டு: புதிய குறிப்பு, பழைய குறிப்புக்கு எதிராக, முன்பணம், பொதுக் கணக்கில். ஆங்கிலத் திரையில் இவை 'நியூ ரெஃப்', 'அகென்ஸ்ட் ரெஃப்', 'அட்வான்ஸ்', 'ஆன் அக்கவுண்ட்' என்று இருக்கும். அவசரத்தில் முதலாவதையோ கடைசியையோ எடுத்துவிடுவதே மேற்சொன்ன தவறுக்குக் காரணம். வவுச்சரைத் திறந்து, அந்தத் துணைத்திரையில் 'அகென்ஸ்ட் ரெஃப்' என்று மாற்றி, உரிய பில்லைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். இங்கே தொகையைத் தொட வேண்டியதில்லை. தொட்டால் சரியாக இருக்கும் இருப்பும் கெடும்.

துணைத்திரை வரவே இல்லை என்றால், லெட்ஜர் மாஸ்டரில் பில் வாரியான அமைப்பு அணைந்திருக்கிறது. ஆண்டின் நடுவே அதை இயக்கினால் பழைய பதிவுகள் தாமாகப் பில்லுடன் இணைந்துவிடாது. தொடக்க இருப்பையும் பில் வாரியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு நாள் ஒதுக்கிச் செய்யுங்கள்.

விற்பவர்கள் பக்கத்திலும் இந்தப் பட்டியலுக்கு இப்போது எடை கூடியிருக்கிறது. குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய தொகையை, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாட்களுக்குள்ளும் இல்லாவிட்டால் 15 நாட்களுக்குள்ளும் செலுத்த வேண்டும். தவறினால் செலுத்திய ஆண்டில்தான் அந்தச் செலவு வருமான வரிக் கணக்கில் ஏற்கப்படும் என்ற விதி 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதற்கான நாட்கணக்கை இந்த நிலுவைப் பட்டியலிலிருந்துதான் எடுப்பார்கள். தவறான குறிப்பில் விழுந்த ஒரு ஜர்னல், தீர்ந்துபோன பில்லைத் தீராததாகக் காட்டி வரியைக் கூட்டிவிடும்.

அறிகுறி: டிடிஎஸ் கணக்கிடப்படவில்லை, அல்லது தொகை பொருந்தவில்லை

டிடிஎஸ் தானாக வர வேண்டுமானால் எஃப்11-இல் அந்த வசதி இயங்க வேண்டும். அதன்பின் மூன்று லெட்ஜர்கள் ஒத்துப்போக வேண்டும். செலவு லெட்ஜரில் டிடிஎஸ் பொருந்தும் என்றும் எந்த வகைக் கொடுப்பனவு என்றும் இருக்க வேண்டும். பார்ட்டி லெட்ஜரில் பிடித்தம் செய்யத்தக்கவர் என்றும் அவர் தனிநபரா நிறுவனமா என்றும் இருக்க வேண்டும். வரி லெட்ஜர், வரிகள் குழுவின் கீழ் டிடிஎஸ் வகையாக இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று விடுபட்டாலும் படிவம் எச்சரிக்கை எதுவும் தராமல் பிடித்தமின்றி முடிந்துவிடும்.

எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லையென்றால், வரம்பைப் பாருங்கள். தொழில்முறைக் கட்டணத்துக்கான ஆண்டு வரம்பு 2025 ஏப்ரலில் 30,000-லிருந்து 50,000 ஆக உயர்ந்தது. பழைய வரம்பை நினைவில் வைத்திருப்பவருக்கு, 40,000 ரூபாய்க்குப் பிடித்தம் வராதது மென்பொருளின் பிழையாகத் தோன்றும்.

தொகை வந்து, ஆனால் தவறாக வந்தால், அந்தத் தொகையே காரணத்தைச் சொல்லும். நம் எடுத்துக்காட்டில் 6,000-க்குப் பதில் 7,080 வந்தால், ஜிஎஸ்டியும் சேர்ந்த 70,800 மீது கணக்கிடப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் வரியைப் பிரிக்காமல் முழுத் தொகையையும் செலவு லெட்ஜரில் போட்டிருப்பார்கள். பில்லில் ஜிஎஸ்டி தனியாகக் காட்டப்பட்டிருந்தால் அதை நீக்கிய தொகையின் மீதே பிடிக்க வேண்டும் என்று நேரடி வரிகள் வாரியம் 2017-இலேயே தெளிவுபடுத்தியிருக்கிறது. 12,000 வந்தால், பார்ட்டி லெட்ஜரில் பான் எண் இல்லாததால் 20 விழுக்காடு பிடிக்கப்பட்டிருக்கிறது. ஒப்பந்தக்காரருக்கு 1 விழுக்காட்டுக்குப் பதில் 2 விழுக்காடு வந்தால், தனிநபரான அவரை நிறுவனம் என்று மாஸ்டரில் குறித்துவிட்டார்கள். மூன்றிலும் டிடிஎஸ் வரியில் தொகையைக் கையால் அடித்து மாற்றுவது தீர்வாகாது. மாஸ்டரையோ செலவு வரியையோ திருத்திவிட்டு, வவுச்சரை மறுபடி திறந்து பார்ட்டி வரியிலிருந்து நடந்து வந்து சேமியுங்கள்.

அறிகுறி: உள்ளீட்டு வரியைத் திருப்ப ஜர்னல் போட்டாயிற்று, ஜிஎஸ்டிஆர்-3பி மாறவில்லை

பேரேட்டில் உள்ளீட்டு வரி (வாங்கியவற்றின் மீது செலுத்தி, பின்னர் கழித்துக்கொள்ளும் ஜிஎஸ்டி) குறைந்திருக்கும், ஜிஎஸ்டி விவரத்தாக்கலான ஜிஎஸ்டிஆர்-3பி அறிக்கையில் பழைய தொகையே நிற்கும். சாதாரண ஜர்னலில் வரி லெட்ஜரைத் தொட்டால் மட்டும் அது எதற்கான திருத்தம் என்று மென்பொருளுக்குத் தெரியாது. ஜர்னல் திரையில் ஆல்ட்டுடன் ஜே அழுத்தி, சட்டப்படியான சரிக்கட்டல் என்ற தேர்வைத் திறந்து, ஜிஎஸ்டி என்றும் உள்ளீட்டு வரியைத் திருப்புதல் என்றும் அதன் காரணத்தையும் குறிக்க வேண்டும். விற்பவருக்கு 180 நாட்களுக்குள் பணம் தராததால் 37-ஆம் விதிப்படி திருப்புவது போன்றவை ஒவ்வொன்றுக்கும் தனிக் காரணம் உண்டு. அவ்வாறு குறித்தபின்தான் அந்தத் தொகை அறிக்கையின் நான்காம் அட்டவணையில், திருப்பப்பட்ட வரிக்கான பகுதியில் ஏறும்.

சந்தேகமிருந்தால், அறிக்கையிலேயே, இந்த விவரத்தாக்கலுக்குச் சம்பந்தமற்றவை என்று ஒதுக்கப்பட்ட வவுச்சர்களின் எண்ணிக்கையைத் திறந்து பாருங்கள். உங்கள் ஜர்னல் அங்கே கிடந்தால் காரணம் உறுதி. இவ்வகைப் பதிவுகளுக்கென்று தனி வவுச்சர் வகை வைத்துக்கொள்வதை நான் வலியுறுத்துவேன். மாத இறுதியில் அந்த வகையின் பதிவேட்டை எடுத்து அட்டவணையோடு ஒப்பிட்டால் விடுபட்டது உடனே தெரியும்.

அறிகுறி: காஸ்ட் சென்டரையோ வரிக்கு வரி விளக்கக் குறிப்பையோ கேட்கவில்லை

செலவைப் பிரிவு வாரியாகப் பிரித்துக் காட்டும் காஸ்ட் சென்டர் எஃப்11-இலும் லெட்ஜரிலும் இயங்க வேண்டும். ஒவ்வொரு லெட்ஜருக்கும் தனி விளக்கக் குறிப்பு வேண்டுமானால் வவுச்சர் வகையில் அதை இயக்க வேண்டும். முந்தைய வவுச்சரின் குறிப்பைக் கன்ட்ரோலுடன் ஆர் அழுத்தி வரவழைப்பவர்கள் மாதத்தின் பெயரை மாற்ற மறக்காதிருக்க வேண்டும். செப்டம்பர் சம்பளத்துக்கு ஆகஸ்ட் என்ற குறிப்போடு நிற்கும் வவுச்சர்கள் ஏராளம்.

அறிகுறி: வவுச்சர் எண் தாவுகிறது, மாறுகிறது, அல்லது பழைய ஆண்டைக் காட்டுகிறது

ஏப்ரல் பிறந்தும் முன்னொட்டில் பழைய நிதியாண்டே வந்தால், வவுச்சர் வகையின் கூடுதல் எண் விவரங்களில் புதிய ஆண்டின் தொடக்கத் தேதியோடு புதிய முன்னொட்டை யாரும் சேர்க்கவில்லை. பழைய வரியை மாற்றாமல் அதன் கீழே புதிய வரியைச் சேருங்கள். பழையதை மாற்றினால் கடந்த ஆண்டின் வவுச்சர்கள் புதிய ஆண்டின் பெயரைச் சூடிக்கொள்ளும். எண் 1-இலிருந்து தொடங்காவிட்டால், மறுதொடக்கத் தேதியும் ஆண்டுக்கொருமுறை என்பதும் அங்கே இருக்கின்றனவா என்று பாருங்கள்.

நடுவில் ஒரு வவுச்சரை நீக்கியதும் பின்னால் இருந்த எல்லா எண்களும் ஒன்று குறைந்தால், நீக்கும்போது மறுபடி எண்ணிடும் அமைப்பு இயங்குகிறது. அச்சிட்டுக் கையொப்பம் பெற்ற சீட்டில் 47 என்றும் திரையில் 46 என்றும் இருந்தால் அந்தச் சீட்டின் சான்று மதிப்பு போய்விடுகிறது. டாலி பிரைம் 3.0 முதல், முதலில் கொடுத்த எண்ணை அப்படியே வைத்துக்கொள்ளும் தேர்வு இருக்கிறது. அதை எல்லா ஜர்னல் வகைகளுக்கும் வைத்துவிடுங்கள். இடையில் எண் ஒன்று விடுபட்டுத் தெரிவது குறையன்று. ஏன் விடுபட்டது என்று எழுதி வைத்தால் போதும்.

அறிகுறி: தேதியை ஏற்க மறுக்கிறது

மேலாளர் போட்டால் ஏற்று, உதவியாளர் போட்டால் மறுக்கிறது என்றால், பயனர் பொறுப்புகளுக்கான பாதுகாப்பு அமைப்பில் எத்தனை நாள் முந்தைய தேதி வரை அனுமதி என்ற கட்டுப்பாடு இருக்கிறது. யார் போட்டாலும் மறுத்தால், அந்தத் தேதி கணக்கேடுகள் தொடங்கிய நாளுக்கு முந்தையதா என்றும், ஆல்ட்டுடன் எஃப்2 அழுத்தி அமைக்கும் காலவரம்புக்கு வெளியே இருக்கிறதா என்றும் பாருங்கள். உரிமம் செயல்படாமல் கல்விப் பயன்முறையில் திறந்திருந்தால், மாதத்தின் சில தேதிகளை மட்டுமே ஏற்கும். பாதுகாப்புக் கட்டுப்பாட்டைத் தளர்த்த வேண்டிய நிலை வந்தால், வேலை முடிந்த அன்றே மீண்டும் இறுக்கிவிடுங்கள்.

தவறான ஜர்னல் கண்டுபிடிக்கப்பட்டது: திருத்துவதா, எதிர்ப்பதிவு போடுவதா?

கம்பெனிகள் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனங்கள், ஒவ்வொரு பதிவின் மாற்றத்தையும் தேதியோடு காக்கும், அணைக்க முடியாத திருத்தத் தடம் கொண்ட கணக்கு மென்பொருளையே 2023 ஏப்ரல் 1 முதல் பயன்படுத்த வேண்டும். ஆண்டு முழுவதும் அந்தத் தடம் இயங்கியதா, அதில் யாரும் கைவைத்தார்களா என்பதைத் தணிக்கையாளர் தம் அறிக்கையில் கூற வேண்டும். டாலி பிரைமில் இதற்கென்று எடிட் லாக் பதிப்பு இருக்கிறது. ஆகவே நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டால் யாருக்கும் தெரியாது என்ற பழைய எண்ணத்துக்கு அங்கே இடமில்லை.

பில் குறிப்பு, காஸ்ட் சென்டர், விளக்கக் குறிப்பு போன்று தொகையும் லெட்ஜரும் மாறாத திருத்தங்களை அதே வவுச்சரில் செய்யலாம். தொகையோ லெட்ஜரோ மாற வேண்டியிருந்து, அந்த மாதத்தின் வரி விவரம் தாக்கல் ஆகிவிட்டாலோ கணக்கு தணிக்கைக்குப் போய்விட்டாலோ, பழைய வவுச்சரைத் தொடாமல் இன்றைய தேதியில் எதிர்ப்பதிவு ஒன்றும் சரியான பதிவு ஒன்றும் போடுவதே முறை. இரண்டின் விளக்கக் குறிப்பிலும் பழைய வவுச்சரின் எண்ணையும் தேதியையும், எந்த அமைப்பு தவறாக இருந்து எப்போது திருத்தப்பட்டது என்பதையும் ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள். "தேய்மான வகை ஆப்ஷனல் ஆக இருந்ததால் ஏறாத எண் 12-க்கான பதிவு, வகை அமைப்பு இன்று மாற்றப்பட்டது" என்ற அளவுக்கு இருந்தால் போதும்.